பரணில் ஒளிந்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி... ஊர் கூடி ஒப்படைக்கும் மலைக்கிராமங்கள்!

மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் தம்மம்பட்டி. ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சமலை. அடிவாரத்தில் காடு வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் வருவது காட்டுப்பன்றிப் புலம்பல்தான். ஒரே ராத்திரியில் கூட்டமாக இறங்கி, மக்காச்சோளத்தையும் குச்சிக்கிழங்கையும் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும்.

மலையோர வீடுகளுக்கு நாட்டுத் துப்பாக்கி வந்தது பெரும்பாலும் இப்படித்தான். கொஞ்சம் வேட்டை ஆசையும் உண்டு, அதை மறைப்பானேன்!

குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, கம்பியால் குத்திக் கெட்டிக்க வேண்டும். கெட்டித்த மருந்தை வெளியே எடுப்பது லேசில்லை. அதனால் சுடாத நாளில் அப்படியே பரணிலோ மூலையிலோ போட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான். விளையாட்டாக எடுக்கும் பிள்ளை, குடிபோதையில் பங்காளிச் சண்டை, இருட்டில் சலசலப்பு கேட்டதும் பன்றி என்று நினைத்துச் சுட்டால் எதிரே நிற்பது பக்கத்துக் காட்டுக்காரர்... எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டுவரை சிறை. 'தாத்தா காலத்துத் துப்பாக்கி சார்' என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆனால், சட்டத்தைச் சொல்லி மிரட்டினால் துப்பாக்கி பரணிலிருந்து புதருக்குப் போகுமே தவிர, ஸ்டேஷனுக்கு வராது. அதனால்தான் வட மாவட்ட மலைக்கிராமங்களில் போலீஸார் வேறு வழியைப் பிடித்தார்கள். 'குறிப்பிட்ட நாளுக்குள் நீங்களாக ஒப்படைத்தால் வழக்கு கிடையாது' என்று ஊர்க்கூட்டத்தில் அறிவித்தார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கொடுக்கலாம். பெயர் சொல்லப் பயமா, ஊர்ப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் ஊர்க்கவுண்டர் சொல்லுக்கு இன்றும் மதிப்பு உண்டு. காக்கிச்சட்டைக்குத் திறக்காத கதவு அவருக்குத் திறக்கும்.

சரி, துப்பாக்கி போய்விட்டது. பன்றி போகவில்லையே?

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. விவசாயி எங்குமே சுட முடியாது.

மலையை ஒட்டியே வரப்பு வைத்திருப்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? சேதத்துக்கு இழப்பீடு கேட்டு மனு கொடுக்கலாம். அனுமதி வாங்கி சோலார் வேலி போடலாம். வீட்டு கரன்ட்டை நேராகக் கம்பியில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது துப்பாக்கியைவிட மோசம், ஆள் பார்க்காது. மற்றவர்கள் டார்ச்சும் தகரடப்பாவுமாகப் பரண்மீது ஏறி, விடியும்வரை தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.