நிரல்மொழிமாற்றி நிறுவல் நீக்க எச்சங்கள்

நிரல்மொழிமாற்றி நிறுவல் நீக்க எச்சங்கள் என்பவை, கம்பைலர் எனப்படும் நிரல்மொழிமாற்றிப் பொதி ஒன்றைக் கணினியிலிருந்து நீக்கிய பின்னரும் வன்தட்டில் தங்கிவிடும் கோப்புகள், அடைவுகள், அமைப்பு வரிகள் ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றுள் சில பயனற்றவை. வேறு சில, பிற மென்பொருள்கள் இயங்குவதற்கு இன்றியமையாதவை. பெயரை மட்டும் கொண்டு இவ்விரு வகைகளையும் வேறுபடுத்த இயலாது. எனவே ஒரு கோப்பு எதற்கு உரியது என்பதை அறிந்த பின்னரே அதனை நீக்குதல் வேண்டும். டெபியன் குனூ/லினக்ஸ் இயங்குதளத்தில் ஜிசிசி நிரல்மொழிமாற்றி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

ஜிசிசி என்பது குனூ திட்டத்தின் நிரல்மொழிமாற்றியாகும். இதன் முதற் பதிப்பை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987 இல் வெளியிட்டார். தொடக்கத்தில் சி மொழிக்கென உருவாக்கப்பட்ட இது, பிற மொழிகளும் சேர்ந்தமையால் 1999 இல் குனூ நிரல்மொழிமாற்றித் தொகுதி எனப் பெயர் மாற்றம் பெற்றது. முன்செயலி, மொழிமாற்றி, தலைப்புக் கோப்புகள், லைப்ரரி எனப்படும் நிரலகங்கள் எனப் பல உறுப்புகள் இதில் உள்ளன. டெபியன் இவற்றைத் தனித்தனிப் பொதிகளாகப் பிரித்து வழங்குகின்றது. இணைப்பி முதலிய கருவிகள் பினுட்டில்ஸ் என்னும் வேறொரு பொதியில் உள்ளன.

எச்சங்கள் தோன்றும் காரணங்கள்

* பொதிகளின் பிரிவு: "ஜிசிசி" என்னும் பொதியில் பெரும்பாலும் இணைப்புக் கோப்புகளே உள்ளன. 2023 இல் வெளியான டெபியன் 12 இல் உண்மையான மொழிமாற்றி "ஜிசிசி-12" என்னும் பொதியில் உள்ளது. முதற் பொதியை மட்டும் நீக்கினால் ஜிசிசி என்னும் கட்டளை மறையும். ஜிசிசி-12 என்னும் கட்டளை தொடர்ந்து இயங்கும்.
* அமைப்புக் கோப்புகள்: டெபியனில் "ரிமூவ்" என்னும் கட்டளை, பயனர் திருத்தியிருக்கக்கூடிய அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். "பர்ஜ்" என்னும் கட்டளையே அவற்றையும் நீக்கும்.
* மூலநிரலிலிருந்து நிறுவுதல்: மூலநிரலைத் தொகுத்து நிறுவும்போது கோப்புகள் இயல்பாக "யூஎஸ்ஆர்/லோக்கல்" அடைவினுள் செல்கின்றன. பொதி மேலாளரிடம் இவற்றைப் பற்றிய பதிவு எதுவும் இல்லை. ஜிசிசியின் மூலநிரலும் நிறுவலை நீக்கும் வசதியை அளிப்பதில்லை.
* பயனரின் இல்ல அடைவு: பொதி மேலாளர் இதனைத் தொடுவதில்லை. மொழிமாற்ற விளைவுகளைச் சேமித்து வைக்கும் சிகேஷ் என்னும் துணைக்கருவியின் சேமிப்பு இங்குதான் தங்குகின்றது. இதன் இயல்பான உச்ச அளவு 5 கிகாபைட் ஆகும்.

அறிகுறிகள்

* புதிய பதிப்பை நிறுவிய பின்னரும் பழைய பதிப்பெண்ணே காட்டப்படலாம். கட்டளைகளைத் தேடும் வரிசையில் "யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்" அடைவு, "யூஎஸ்ஆர்/பின்" அடைவுக்கு முன்னதாக இருப்பதே இதன் காரணம்.
* கட்டளை வேறிடத்தில் இருந்தும், பழைய இடத்தைக் குறிப்பிட்டு "கோப்பு இல்லை" என்னும் பிழைச் செய்தி வரலாம். பாஷ் முனையம் கட்டளையின் பழைய இடத்தை நினைவில் வைத்திருப்பதால் இது நிகழ்கின்றது. புதிய முனையச் சாளரத்தைத் திறந்தால் இது நீங்கும்.
* நீக்கப்பட்ட பதிப்பினால் உருவாக்கப்பட்ட செயலிகள், தமக்குத் தேவையான சி++ நிரலகப் பதிப்பு கிடைக்கவில்லை எனக் கூறி நின்றுவிடலாம். இங்கு இடர் எச்சத்தினால் அன்று, அளவுக்கு மீறி நீக்கியமையால் விளைந்ததாகும்.

கண்டறிதல்

பொதி மேலாளரான டிபிகேஜியின் பட்டியலில், நீக்கப்பட்டும் அமைப்புக் கோப்புகள் எஞ்சியுள்ள பொதிகள் "ஆர்சி" என்னும் இரு எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஒரு கோப்பு எப்பொதிக்கு உரியது என்பதை டிபிகேஜியின் தேடல் வசதியால் அறியலாம்.

எனினும் "எப்பொதிக்கும் உரியதன்று" என்னும் விடையை மட்டும் நம்பிக் கோப்பை நீக்குதல் கூடாது. இதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவதாக, டெபியன் 12 இல் "லிப்" அடைவு என்பது "யூஎஸ்ஆர்/லிப்" அடைவைச் சுட்டும் இணைப்பாகும். ஒரே கோப்பை இரு பாதைகளில் அடையலாம். பதிவில் ஒரு பாதை மட்டுமே இருக்கும். ஆதலால் முழுப் பாதையை விடுத்துக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்துத் தேடுதல் நன்று. இரண்டாவதாக, சில இணைப்புக் கோப்புகள் நிறுவலின்போது உருவாக்கப்படுகின்றன. "யூஎஸ்ஆர்/பின்" அடைவிலுள்ள "சிசி" என்னும் இணைப்பு இத்தகையது. இவை பொதியின் கோப்புப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

நீக்கும் முறை

# முதலில், தாமாக நிறுவப்பட்டு இப்போது தேவைப்படாத பொதிகளை ஆப்ட் கருவியின் "ஆட்டோரிமூவ்" கட்டளையால் நீக்குக. பரிந்துரைக்கப்படும் பட்டியலை உறுதி செய்யும் முன் முழுவதும் படித்தல் வேண்டும்.
# "ஆர்சி" எனக் குறிக்கப்பட்ட பொதிகளை, அமைப்புகள் மீண்டும் தேவைப்படா எனின், "பர்ஜ்" செய்க.
# "யூஎஸ்ஆர்/லோக்கல்" அடைவிலுள்ள நிரலகங்களை நீக்குமுன், அவற்றைப் பயன்படுத்தும் செயலிகள் உள்ளனவா என எல்டிடி கட்டளையால் சோதிக்கவும்.
# நீக்கிய பின் எல்டிகான்ஃபிக் கட்டளையை இயக்கி, நிரலகங்களின் இடப்பட்டியலைப் புதுப்பிக்கவும்.
# இறுதியாக, முனையத்தின் தொடக்கக் கோப்புகளில் பழைய அடைவுகளைக் குறிக்கும் வரிகள் இருப்பின் அவற்றை அழிக்கவும்.

நீக்கக்கூடாதவை

"லிப்ஜிசிசி-எஸ்1", "லிப்எஸ்டிடிசி++6" என்னும் பொதிகள் ஜிசிசியின் மூலநிரலிலிருந்தே உருவாக்கப்படுகின்றன. ஆனால் இவை மொழிமாற்றத்துக்கு உரியவை அல்ல; ஏற்கனவே மொழிமாற்றப்பட்ட செயலிகள் இயங்குவதற்கு உரியவை. ஆப்ட் கருவியே சி++ மொழியில் எழுதப்பட்டது. எனவே இக்கோப்புகளைக் கையால் அழித்தால் ஆப்ட் இயங்காது. இழந்த பொதியை அதன் வழியாக மீண்டும் நிறுவவும் இயலாது போகும்.

முன்னெச்சரிக்கை

மூலநிரலிலிருந்து நிறுவுவோர், ஒவ்வொரு பதிப்பையும் "ஆப்ட்" கருவியினின்றும் வேறான "ஓபிடி" அடைவின் கீழ்த் தனித்தனி அடைவுகளில் நிறுவலாம். ஜிசிசி திட்டத்தின் நிறுவல் வழிகாட்டியும் பதிப்புக்கு ஓர் அடைவு என்னும் முறையையே பரிந்துரைக்கின்றது. அதன் நிரலகங்களைச் சார்ந்த செயலிகள் எவையும் இல்லாத நிலையில், அவ்வோர் அடைவை அழிப்பதே நிறுவல் நீக்கமாக அமையும்.