வில்லை இழுத்தால் மரம் துளைபடுவது எப்படி?

திருப்பதி மாவட்டத்தில், காளஹஸ்திக்கு அருகே உள்ள மாதவமாலை மரச் சிற்பிகளின் ஊர். தனியே செதுக்கிய உறுப்பைச் சிலையோடு முளை வைத்துப் பொருத்தச் சிறு துளை வேண்டும். மின்சாரம் வருமுன் அதைப் போட்டது எப்படி?

வில் துரப்பணம்தான். கயிற்றை மரத்தண்டில் ஒருமுறை சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும். 2 செ.மீ. தடிமனுள்ள தண்டின் சுற்றளவு சுமார் 6.3 செ.மீ.; 60 செ.மீ. இழுப்பில் ஒன்பது சுற்றுக்கும் மேல்! தண்டு மெலிந்தால் வேகம் கூடும், திருகு விசை குறையும். திசை மாறிக்கொண்டே இருப்பதால் முனை தட்டையாக, இருபுறமும் கூராக இருக்க வேண்டும். அப்போதுதான் இரு திசையிலும் சுரண்டும். தண்டின் தலையை அழுத்திப் பிடிக்கத் தொட்டாங்குச்சி போதும்.

இது புதிய உத்தி அல்ல. பலுசிஸ்தானத்தின் மெஹர்கரில் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதப் பற்களையே துளைத்திருக்கிறார்கள். அதுவும் இத்தகைய கருவியால்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

சிறு துளைக்குக் கையால் குத்தித் துளைக்கும் தமரூசியும் உதவும். ஆனால் உளி போன்ற அதன் முனையை நார்களுக்குக் குறுக்கே வைத்துக் குத்த வேண்டும். நார் போகும் திசையில் வைத்தால் ஆப்பாக மாறிப் பலகையைப் பிளந்துவிடும்.

வீட்டில் முயல்பவர்கள் அடியில் ஒரு வீண்பலகை வையுங்கள், மறுபக்கம் சிலும்பாது. பழகுவதற்கு வேப்பம்பலகை நல்லது. சேஷாசல மலைச் செம்மரம் அதற்கு ஏற்றதல்ல; அது தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. அதை வெட்டவும் கொண்டுசெல்லவும் வனத்துறை அனுமதியும் வேண்டும்.