நாலு சீட்டுக்கு ஒரு கர்ச்சீஃப்

சர்வர் போதலைன்னா நான் என்ன செய்வேன்? கிளவுட் கன்சோலைத் திறந்து ஒரு எண்ணை மாத்துவேன். அஞ்சு நிமிஷத்துல பத்து மெஷின் கூடுதலா ஓடும். ராத்திரி தேவை குறைஞ்சா அணைச்சுடலாம். சிப் தட்டுப்பாடு வந்தா ஃபேபும் அப்படிக் கூட்டிக்க வேண்டியதுதானேன்னு உங்களுக்கும் தோணும்.

முடியாது. ஃபேப் கட்டி, மெஷின் இறக்கி, உற்பத்தி தொடங்க மூணு வருஷம் போல ஆகும். அதுக்கப்புறமும் ஒரு வேஃபர் உள்ளே போய் வெளியே வர மாசக்கணக்கு. செலவுல பெரும்பங்கு மெஷினுக்குத்தான். அது சும்மா நின்னாலும் தேய்மானம் கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். ஆக, மூணு வருஷம் கழிச்சு யார் எவ்வளவு வாங்குவாங்கன்னு யூகிச்சு இன்னைக்கே பணம் போடணும்.

கையில இருக்கிற ஆர்டரையும் அப்படியே நம்ப முடியாது. 2020இல் கொரோனா பயத்துல கார் கம்பெனிகள் ஆர்டரை வெட்டினாங்க. அந்த இடத்தை லேப்டாப், போன் சிப்கள் பிடிச்சுக்கிச்சு. கார்காரங்க திரும்பி வந்தப்ப வரிசையில இடமில்லை. 2021இல் அசெம்பிளி லைன்கள் நின்னுச்சு. பதறிப்போய்ப் பலர் தேவைக்கு மேல ஆர்டர் போட்டாங்க. ஊர்ப்பக்கம் போனப்ப பார்த்திருப்பீங்க, பஸ் ஜன்னல் வழியா கர்ச்சீஃப் போட்டு இடம் பிடிப்பாங்க. ஒருத்தரே நாலு சீட்டுல போட்டா, வண்டி நிரம்பிடுச்சுன்னு கண்டக்டர் நினைப்பார். 2022 பிற்பாதியில பிசி, போன் விற்பனை சரிஞ்சதும் கிடங்குல சிப் தேங்குச்சு. மெமரி விலை கவிழ்ந்து, 2023 நிதியாண்டுல மைக்ரானுக்கு 500 கோடி டாலருக்கு மேல நஷ்டம்.

நான் வேலை பார்க்கிற ஜெர்மனியிலேயே ரெண்டு விதமும் நடந்திருக்கு. தட்டுப்பாடு உச்சத்துல, 2022 மார்ச்சில், மாக்டெபுர்க்ல ரெண்டு ஃபேப் கட்டுறதா இன்டெல் அறிவிச்சது. திட்டம் 3,000 கோடி யூரோ வரை வளர்ந்தது. ஏறக்குறைய 3,000 வேலைன்னாங்க. 2024 செப்டம்பர்ல தள்ளி வச்சாங்க, 2025 ஜூலையில கைவிட்டாங்க. நல்ல வேளை, கட்டி முடிச்சுப் பூட்டலை.

டிரெஸ்டன் கதை வேற. அங்கே டிஎஸ்எம்சிக்கு 70 சதவீதம்; போஷ், இன்ஃபினியான், என்எக்ஸ்பி மூணுக்கும் ஆளுக்கு 10. கார், தொழிற்சாலைக் கருவிகளுக்கான சிப்தான் குறி, மாசம் 40,000 வேஃபர் இலக்கு. வாங்கப் போறவங்களே பங்கு போட்டிருக்காங்க. ஆர்டரை வெட்டினா அவங்க பணமும் சேர்ந்து அடிவாங்கும். எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடிச்சிருக்கு. இடம் வேணும்னா கர்ச்சீஃப் போதாது, டிக்கெட் எடுங்க!

ஆனா 500 கோடி யூரோ அரசு உதவி. அதாவது இங்கே வரி கட்டுற நானும் ஒரு சீட்டுக்குப் பணம் கட்டியிருக்கேன். திட்டப்படி 2027 கடைசியில உற்பத்தி தொடங்கணும். அதுவரைக்கும் கார் விற்பனைச் செய்தி வந்தா நான் ஒதுக்கித் தள்ளாம படிப்பேன்.