உஷார்! முதுகுக்குள் முளைத்த மூக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பெண்ணின் முதுகைத் திறந்தார்கள். தண்டுவடத்துக்குள் ஒரு கட்டி. புற்றுநோயோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மூக்கு! மூக்கின் உள்ளே இருக்கும் அதே சவ்வு, அதே சளிச் சுரப்பிகள், கெட்டியான சளி. கூடவே, எங்கும் போய்ச் சேராத சின்னச் சின்ன நரம்பிழைகள்.

18 வயதில் முதுகெலும்பு உடைந்து கால்கள் செயலிழந்தவர் அவர். 3 ஆண்டு கழித்து போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில், தன் மூக்கின் உட்சவ்வையே எடுத்துத் தண்டுவடக் காயத்தில் வைத்துக்கொண்டார். கால் திரும்பவில்லை. 8 ஆண்டு சும்மா இருந்த முதுகு அதன்பிறகு வலிக்க ஆரம்பித்தது. 2014-ல் ஒரு மருத்துவ இதழில் இந்தக் கதை வெளியானது.

இதைப் படித்துவிட்டு, "எங்கோ போர்ச்சுகலில் நடந்தது, நமக்கென்ன?" என்று விட்டுவிட முடியாது. விபத்தில் தலை அடிபட்ட பிள்ளையையோ, பக்கவாதத்தில் விழுந்த அப்பாவையோ வீட்டில் வைத்திருப்பவர்களிடம் "நரம்பைப் புதுப்பிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் விற்பது வெறும் பொய் என்றால் கண்டுபிடிப்பது சுலபம். நிஜமான ஆராய்ச்சியிலிருந்து நாலு வார்த்தையைக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்பதில்தான் சங்கடம்.

அந்த நிஜ ஆராய்ச்சி என்ன? கையிலோ காலிலோ நரம்பு அறுபட்டால், தைத்துவிட்டபின் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். முழங்கையிலிருந்து விரலைத் தொட ஒரு வருஷம்கூட ஆகலாம், ஆனால் வளரும். மூளையிலும் தண்டுவடத்திலும் அப்படி வளர்வதில்லை. அங்கே நரம்பிழையைச் சுற்றியிருக்கும் கொழுப்புறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் உண்டு. காயத்தின் தழும்பும் வழியை மறிக்கிறது. இதற்கு ஓர் அபூர்வமான விதிவிலக்கு மூக்கு. வாசனையை உணரும் நரம்பணுக்கள் ஆயுள் முழுக்கச் செத்துச் செத்துப் புதிதாகப் பிறந்து, மூளைக்குள் நுழைந்து இணைகின்றன. அவற்றைப் போர்த்தி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும் உறையணுக்களை 1985-ல் விவரித்தவர் லண்டனின் ஜெஃப்ரி ரெய்ஸ்மன். வளர்ந்த மூளையில் எதுவும் மாறாது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், காயத்துக்குப்பின் நரம்பிணைப்புகள் புதிதாக அமைவதை 1969-லேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியவரும் அவர்தான்.

அந்த உறையணுக்களை அறுந்த தண்டுவடத்தில் வைத்தால் அங்கேயும் நரம்புக்கு வழி காட்டுமா? அவர் வாழ்நாள் கேள்வி அது. 2012-ல் போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் பாவெல் தபாகோவ் தலைமையில் ஒருவருக்குச் செய்து பார்த்தார்கள். கத்திக்குத்தில் தண்டுவடம் அறுந்தவர். மூளைக்குள் இருக்கும் வாசனைக் குமிழ்களில் ஒன்றை எடுத்து, அணுக்களைப் பிரித்து வளர்த்து, காயத்தின் மேலும் கீழும் ஊசியால் செலுத்தினார்கள். 8 மில்லிமீட்டர் இடைவெளியில் கணுக்காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டுகளைப் பாலமாக வைத்தார்கள். ஓரளவு உணர்வு வந்தது, தாங்கியைப் பிடித்து நடந்தார். நிலவில் மனிதன் நடந்ததைவிட இது பெரிது என்று ரெய்ஸ்மன் பூரித்தார். பூரிக்க வேண்டியதுதான். ஆனால் அது ஒரே ஒரு மனிதர். கத்தி கீறிய நறுக்கான காயம் அவருடையது, பைக் விபத்தில் நசுங்கும் தண்டுவடம் அப்படி இருக்காது. அறுவைக்கு முன்னும் பின்னும் வருஷக்கணக்கில், நாளுக்குப் பல மணிநேரம் அவர் பயிற்சி செய்தார் என்பதும் விளம்பரங்களில் வராது.

லிஸ்பனில் வைத்தது பிரித்தெடுத்த அணுக்களை அல்ல, சவ்வையே. சவ்வில் உறையணுவும் உண்டு, சளிச் சுரப்பியும் உண்டு. முளைத்தது எது என்றுதான் பார்த்தோமே. அவர்கள் மோசடிக்காரர்களும் அல்ல, செய்ததை இதழில் எழுதியவர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தே இப்படி என்றால், காசுக்காகச் செய்பவனிடம் என்ன எதிர்பார்ப்பது?

எதிர்பார்க்கவே வேண்டாம், நடந்திருக்கிறது. அபூர்வ நரம்பு நோய் கொண்ட இஸ்ரேலியச் சிறுவன் ஒருவனை மாஸ்கோவுக்குக் கூட்டிப்போய், கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை, அதாவது நரம்பணுக்களாக வளரக்கூடிய மூல அணுக்களை, மூளையில் செலுத்தினார்கள். சில ஆண்டுகளில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். ஆய்ந்து பார்த்தால் கட்டியில் இருந்தவை பெண் அணுக்கள், அதாவது தானம் வந்தவை. 2009-ல் இது வெளியானது. 2016-ல் இன்னொன்று. பக்கவாதம் வந்த அமெரிக்கர் ஒருவர் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டார். முதுகில் கட்டி வளர்ந்து, இருந்த நடமாட்டமும் போனது. அந்தக் கட்டியின் மரபணு அவருடையதல்ல. யாருடையதோ!

"எலியில் வேலை செய்தது" என்பது இன்னொரு தூண்டில். எலியாகப் பிறந்திருந்தால் நம் நரம்பு நோய்களில் பாதி இந்நேரம் தீர்ந்திருக்கும். மூளைக் காயத்துக்கு புரொஜெஸ்டரோன் ஹார்மோன் உதவும் என்று டொனால்ட் ஸ்டைன் பல்லாண்டு எலிகளில் காட்டினார், கண்ணியமான ஆராய்ச்சி. 882 பேர், 1,195 பேர் என இரண்டு பெரிய சோதனைகளில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2014-ல் முடிவு வந்தது.

நம் நாட்டு நிலை என்ன? ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுபோல ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லை ஒப்புதல் பெற்ற சோதனைக்குள் மட்டுமே நோயாளிக்குத் தரலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி சொல்கிறது. "சார், இதுவும் சோதனைதான்" என்பார்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சோதனை என்று சொல்லிக்கொண்டே லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். குணமானவர்களின் வீடியோ காட்டுவார்கள், குணமாகாதவர்களின் கணக்கைக் கேளுங்கள். ஒருமுறை இப்படி ஊசி போட்டுக்கொண்டால், நாளை வரும் உண்மையான சோதனைகளில் உங்களைச் சேர்க்காமல் போகலாம் என்பதையும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, இப்போது எல்லார் வாயிலும் புரளும் 'நியூரோபிளாஸ்டிசிட்டி'. பயன்பாட்டுக்கு ஏற்ப மூளை தன் இணைப்புகளை மாற்றிக்கொள்வது. இதைச் சொல்லியே செல்போன் விளையாட்டு விற்றார்கள். லூமோசிட்டி நிறுவனத்தை அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்து, 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டவைத்தது. ஆனால் மூளை மாறுவது நிஜம். மோசமாகவும் மாறும் என்பதுதான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பக்கவாதத்தில் வலது கை தளர்ந்தவர் இடது கையாலேயே சமாளிப்பார். நாமும் "பாவம்" என்று சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவோம். வலது கை என்று ஒன்று இருப்பதையே மூளை மறக்கப் பழகிவிடும். எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் கண்டது இது. நல்ல கைக்கு உறை மாட்டி, தளர்ந்த கையை இரண்டு வாரம் கடுமையாக வேலை வாங்கும் முறையை 222 பேரிடம் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள், பலன் இருந்தது. மணிக்கட்டிலும் விரலிலும் கொஞ்சமாவது அசைவு இருப்பவர்களுக்குத்தான் அது. பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் வீட்டில் துணியால் கையைக் கட்டிப்போடாதீர்கள்.

அவசரமும் ஆபத்து. பக்கவாதம் வந்து 24 மணிநேரத்துக்குள் எழுப்பி அதிகமாக நடமாடவைத்தால் சீக்கிரம் தேறுவார்கள் என்று 2,104 பேரிடம் சோதித்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களே மேலாகத் தேறினார்கள் என்று 2015-ல் தெரிந்தது. எப்போது எழுப்புவது என்பதை வார்டில் இருக்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும், பார்க்க வந்த மாமா வேண்டாம்.

ஊசியை விட்டால் வழியே இல்லையா? இருக்கிறது. வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார், வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அங்கேயே அதற்கென ஒரு நிலையம் எழக் காரணமானார். படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, சிறுநீர்ப்பையைக் கவனிப்பது, நாற்காலிக்கு மாறுவது, இதெல்லாம் சொல்லித்தருகிற இடம் அது. ஊசிக்குக் கொடுக்க இருந்த பணத்தையும் மாதங்களையும் இத்தகைய இடங்களில் செலவழிக்கலாம்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டாகிவிட்டதா? மறைக்காதீர்கள். எங்கே, எப்போது, எதைச் செலுத்தினார்கள் என்று எழுதிவையுங்கள், ரசீதைத் தூக்கிப்போடாதீர்கள். புது முதுகுவலி, புதுப் பலவீனம், சிறுநீர் போவதில் மாற்றம் எது வந்தாலும், "அது எப்போதோ போட்டதுதானே" என்று நினைக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அந்தக் காகிதத்தோடு போய் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். அயோவாப் பெண்ணுக்கு வலி வந்தது 8 ஆண்டு கழித்து.