பாலாகும் புரதம்: குட்டிகளுக்குப் பாலூட்டும் தாய்ப்பன்றியின் தீவனம்

வெண்பன்றி வளர்ப்பில் ஒரு பண்ணையின் வருவாயை முடிவு செய்யும் காலம், தாய்ப்பன்றி குட்டி ஈன்ற நாளுக்கும் குட்டிகள் பால்குடி மறந்து பிரிக்கப்படும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே ஆகும். ஏறக்குறைய 114 நாள் சினைக்காலம் முடிந்து, ஒன்றேகால் கிலோ அளவு எடையுடன் பிறக்கும் குட்டிகள், முதல் மூன்று வாரங்களில் அந்த எடையைப்போல் நான்கு மடங்கைத் தாண்டி வளரக்கூடியவை. அந்த வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் அனைத்தும் தாயின் பால் வழியாகவே வந்து சேர வேண்டியிருப்பதால், அக்காலத்தில் தாயின் தீவனத்தொட்டியில் என்ன விழுகிறது என்பது மிகுந்த கவனத்துக்குரியது.

பன்றியைக் கறந்து பார்ப்பவர் இல்லை என்பதால், அது தரும் பாலின் அளவு பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடப்படுகிறது. குட்டிகளின் எடை ஒரு கிலோ கூடுவதற்கு ஏறத்தாழ 4 கிலோ பால் வேண்டும் என்பது கால்நடை ஊட்டச்சத்து இயலார் கையாளும் கணக்கு. எட்டுக் குட்டிகள் நாளொன்றுக்கு 200 கிராம் வீதம் வளர்ந்தால் மொத்த வளர்ச்சி 1.6 கிலோ, அதற்கு வேண்டிய பால் 6.4 கிலோ, அந்தப் பாலில் புரதம் 5 சதவீதம் என்று கொண்டாலும் தாய் நாள்தோறும் 320 கிராம் புரதத்தைத் தன் உடலிலிருந்து வெளியே தருகிறது. பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் 10 லிட்டர் கறக்கும் பசுவை நல்ல பசு என்பார்கள். அந்தப் பசுவின் பாலில் உள்ள புரதமும் ஏறக்குறைய இதே அளவுதான். பசுவைவிட உடல் எடையில் சிறிய ஓர் உயிர், ஏறத்தாழ மணிக்கொரு முறை மடி கொடுத்து, ஒவ்வொரு முறையும் சுமார் 20 விநாடிகளே இறங்கும் பாலைக்கொண்டு இதைச் செய்து முடிக்கிறது.

பிறந்த முதல் நாளில் கிடைக்கும் சீம்பாலுக்குத் தனிச்சிறப்பு உண்டு. நோயை எதிர்க்கும் புரதங்கள் கருப்பையில் தாயிடமிருந்து குட்டிக்குக் கடப்பதில்லை என்பதால், எதிர்ப்பாற்றல் இல்லாமலே பிறக்கும் பன்றிக்குட்டி அதைச் சீம்பாலிலிருந்தே பெறுகிறது. குடல் அப்புரதங்களை முழுமையாக உறிஞ்சுவதும் ஏறத்தாழ முதல் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மதுரையை நிலைக்களமாகக் கொண்ட திருவிளையாடற் புராணத்தில், தாயை இழந்து தவித்த பன்றிக்குட்டிகளுக்காகச் சிவபெருமானே தாய்ப்பன்றியாக வந்து பாலூட்டியதாகச் சொல்லும் படலம் ஒன்று இருப்பது, அந்தப் பாலின் அருமை தென்பாண்டி மண்ணுக்குப் புதியதன்று என்பதைக் காட்டுகிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு கூறுகள் குறிப்பிட்ட வரிசையில் கோக்கப்பட்ட சரம் ஆகும். கதம்பம் தொடுப்பவரிடம் மல்லிகையும் கனகாம்பரமும் கூடை கூடையாக இருந்தாலும் மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால் கதம்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடுவதைப் போல, ஓர் அமினோ அமிலம் குறைந்தாலும் பாற்புரதம் உருவாவது அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. எஞ்சியவை சிதைந்து சிறுநீரோடு யூரியாவாக வெளியேறுகின்றன. தானியத்தை அடிப்படையாகக் கொண்ட பன்றித் தீவனத்தில் முதலில் தீர்ந்துபோவது லைசின் என்னும் அமினோ அமிலம். அதையடுத்துத் திரியோனின், வேலின் ஆகியவற்றில் பற்றாக்குறை தோன்றும்.

குட்டிகளின் எடை ஒரு கிலோ கூட, தாய்க்கு ஏறத்தாழ 26 கிராம் லைசின் தேவைப்படுகிறது. மேற்சொன்ன எட்டுக் குட்டிகளின் தாய்க்கு, தன் உடலைப் பேணுவதற்கானதையும் சேர்த்தால், நாளொன்றுக்கு 44 கிராம் அளவு வேண்டும். மக்காச்சோளத்தில் லைசின் கால் சதவீதமும் அரிசித் தவிட்டில் அரை சதவீதத்துக்குச் சற்றே கூடுதலும் இருப்பதால், இவ்விரண்டையும் சரிபாதியாகக் கலந்து 5 கிலோ கொடுத்தாலும் கிடைப்பது 20 கிராமே. வயிறு நிறைந்துவிட்டது, தேவையில் பாதிகூட நிறையவில்லை.

அந்தப் பற்றாக்குறைக்காகத் தாய் உடனே பாலைக் குறைத்துவிடுவதில்லை என்பதுதான் இதில் உருக்கமானதும் ஏமாற்றக்கூடியதுமான செய்தி. தன் தசையையே கரைத்து அந்த அமினோ அமிலங்களை மடிக்கு அனுப்புவதால், முதல் இரண்டு வாரங்கள் குட்டிகள் கொழுகொழுவென்றே இருக்கும். தாயின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் மட்டும் மெல்லத் துருத்தத் தொடங்கும். உடற்புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்த பிறகு பாலும் குறைகிறது. சூலகங்களில் அடுத்த ஈற்றுக்குரிய முட்டைகளின் வளர்ச்சியும் தடைப்படுகிறது. குட்டிகளைப் பிரித்த 4 முதல் 7 நாட்களில் சினைப்பருவத்துக்கு வர வேண்டிய பன்றி நாள் தள்ளிப்போவதற்கும், அடுத்த ஈற்றில் குட்டிகளின் எண்ணிக்கை குறைவதற்கும் முந்தைய ஈற்றின் தீவனமே பல நேரங்களில் காரணமாகிறது.

இதற்குரிய மருந்து பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. எடுத்துக்காட்டாக, விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம் போன்ற மலையடிவார ஊர்களின் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் தவிட்டையும் தேங்காய்ப் பிண்ணாக்கையும் தருகின்றன. அதே மாவட்டத்தின் மானாவாரி நிலங்கள் மக்காச்சோளத்தைத் தருகின்றன. ஆனால் எல்லாப் பிண்ணாக்கும் ஒரே தரத்தவை அல்ல. தேங்காய்ப் பிண்ணாக்கில் புரதம் 20 சதவீத அளவே. அதிலும் லைசின் குறைவு. கடலைப் பிண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் லைசின் போதாது. ஈரம் பட்டு வைத்தால் அஃப்லடாக்சின் என்னும் பூஞ்சை நச்சும் சேரும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் உள்ள காசிபால் என்னும் நச்சுப்பொருளை மாடு ஓரளவு தாங்கினாலும் பன்றி தாங்காது. லைசின் மிகுந்தவை சோயா பிண்ணாக்கும் உப்பில்லாத மீன் தூளும் ஆகும். எள்ளுப் பிண்ணாக்கில் லைசின் குறைவு, மெத்தியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலம் மிகுதி. சோயாவில் அதற்கு நேர்மாறு. அரிசியின் குறையை உளுந்து நிறைப்பதால் இட்லி முழுமையான உணவாவதைப் போல, இவை இரண்டும் கூடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது.

இந்த அடிப்படையில் 100 கிலோ தீவனத்துக்கு மக்காச்சோளம் 51 கிலோ, தவிடு 22 கிலோ, சோயா பிண்ணாக்கு 19 கிலோ, எள்ளுப் பிண்ணாக்கு 5 கிலோ, தாது உப்புக் கலவை இரண்டரை கிலோ, உப்பு அரை கிலோ என்று கலந்தால், புரதம் 17 சதவீதத்தைச் சற்றே கடக்கும், லைசின் 0.85 சதவீத அளவில் அமையும். தாய்க்கு 2 கிலோ, குட்டி ஒன்றுக்கு அரை கிலோ என்னும் வழக்கமான கணக்கில் எட்டுக் குட்டிகளின் தாய்க்கு 6 கிலோ கொடுத்தால், நாளொன்றுக்கு 50 கிராம் லைசின் சேரும். ஈன்ற அன்றே இவ்வளவையும் கொட்டாமல், ஒரு வாரத்தில் படிப்படியாக உயர்த்துவதே முறை; பால் சுரப்பு மூன்றாம் வாரத்தில் உச்சத்தைத் தொடுவதால், அப்போது தொட்டி காலியாக இருத்தலாகாது.

தென்மாவட்டங்களின் வெயில் இக்கணக்கைக் குலைக்கக்கூடியது. வியர்த்துக் குளிரும் ஆற்றல் பன்றிக்கு இல்லாததால், வெப்பம் 25 பாகை செல்சியசைத் தாண்டும்போது தாய்ப்பன்றி தீவனத்தைக் குறைத்துவிடுகிறது. விடியற்காலையிலும் இரவிலும் தீவனம் வைத்தல், கழுத்துப்பகுதியில் நீர் சொட்டவிடுதல், நாளொன்றுக்கு 20 முதல் 30 லிட்டர்வரை குளிர்ந்த குடிநீர் தடையின்றிக் கிடைக்கச் செய்தல் ஆகியவை அதற்குரிய தீர்வுகள். பாலில் ஐந்தில் நான்கு பங்கு நீரே என்பதால், தண்ணீர் குறைந்தால் எந்தத் தீவனமும் பாலாகாது.

ஓட்டல் கழிவை மட்டும் நம்பி வளர்ப்போர் ஓர் உண்மையை எண்ணிப்பார்க்க வேண்டும். அக்கழிவில் முக்கால் பங்குக்கு மேல் நீர். மீதியில் பெரும்பகுதி சோற்றின் மாவுச்சத்து. பத்து கிலோ கழிவை உண்ணும் தாய்க்கு உண்மையில் கிடைப்பது இரண்டு, இரண்டரை கிலோ உலர்பொருளே. எனவே பாலூட்டும் வாரங்களிலாவது புரதம் மிகுந்த கலப்புத் தீவனத்தை அதனுடன் சேர்ப்பது இன்றியமையாதது. 2020-ஆம் ஆண்டு இந்தியாவுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உணவுக் கழிவின் வழியாகவும் பரவும் என்பதால், நன்கு கொதிக்க வைக்காத கழிவைப் பட்டிக்குள் கொண்டுசெல்லலாகாது.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் நிலையம், முக்கால் பங்கு யார்க்‌ஷயரும் கால் பங்கு நாட்டுப் பன்றியுமாகக் கலந்து உருவாக்கிய கே.பி.எம். கோல்டு போன்ற இனங்கள், குட்டி ஈனும் திறனையும் வெப்பம் தாங்கும் இயல்பையும் ஒருங்கே நோக்கியவை. ஆயினும் எந்த இனமும் உண்ணாத புரதத்தைப் பாலாக்கித் தர இயலாது. தந்தால் அது தன் தசையிலிருந்தே தருவதாகும். ஆகவே குட்டிகளைப் பிரிக்கும் நாளில் அவற்றின் எடையைத் தராசில் பார்ப்பவர், தாயின் முதுகில் ஒருமுறை உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பதும் கடமையாகிறது. எலும்பு கையில் உடனே தட்டுப்படாமல் சதை தாங்குமானால், அந்தக் குட்டிகள் தீவனத்தில் வளர்ந்தவை. எலும்பே தட்டுப்படுமானால், அவை தாயின் உடலை உண்டு வளர்ந்தவை.