வளைவில் நசுங்கும் குதிரைத்திறன்

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும், சைலன்சர் குழாய் நேராகப் போகும் இடம் குறைவு. எஞ்சினிலிருந்து கிளம்பி, பெட்ரோல் டேங்கை விட்டு ஒதுங்கி, பின்சக்கர அச்சைத் தாண்டி, வளைந்து வளைந்துதான் பின்பக்கம் வந்து சேர்கிறது. அந்த வளைவுகளை எப்படி வளைத்தார்கள் என்பது எஞ்சினின் திறனையே பாதிக்கும்.

பெரும்பாலான பட்டறைகளில் இருப்பது ஹைட்ராலிக் பிரஸ். குழாயை இரண்டு தாங்கிகளின்மேல் வைத்து, நடுவில் ஒரு டையால் அழுத்துவார்கள். சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் குழாய்க்குள்ளே தாங்கிப் பிடிக்க எதுவுமில்லை. வளைவின் வெளிப்பக்கத் தகடு இழுபட்டு மெலிகிறது. உள்பக்கம் நெருக்குண்டு மடிப்பு விழுகிறது. வட்டமாக இருந்த வாய் சப்பையாகிறது.

மேண்ட்ரல் முறையில், குழாய்க்குள் கோத்துவிட்ட உலோக உருண்டைகள் நுழைகின்றன. டை சுழன்று குழாயைத் தன்னோடு இழுத்து வளைக்கும்போது அவை உள்ளிருந்து சுவரைத் தாங்குகின்றன. வளைத்தபின் உருவிவிடுவார்கள். வட்டம் ஏறக்குறைய வட்டமாகவே நிற்கும். ஒவ்வொரு விட்டத்துக்கும் தனித்தனிக் கருவி வேண்டும். அதனால்தான் விலை அதிகம்.

63 மி.மீ. உள்விட்டக் குழாய் நசுங்கி, 57 மி.மீ. குழாய் அளவுக்கே வழிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் குறைந்தது என்னவோ 6 மி.மீ.தான். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், புகை போகும் வழி 18 சதவீதம் அடைபட்டுவிட்டது. அதே புகை அங்கே 1.22 மடங்கு வேகத்தில் போயாக வேண்டும். அழுத்த இழப்போ சுமார் ஒன்றரை மடங்காகிறது. பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்துப் புகையைத் தள்ள வேண்டியிருப்பதால், சக்கரத்துக்குப் போக வேண்டிய திறன் அதில் கொஞ்சம் கரைகிறது. சிலிண்டரில் மிஞ்சும் எரிந்த வாயு, புதிய கலவைக்கான இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

நகர நெரிசலில் இது தெரியாது. ஆர்.பி.எம். ஏற ஏறத்தான் கடிக்கும். எஞ்சினுக்கு அருகிலுள்ள வளைவுகளில் பாதிப்பு கூடுதல். அங்கே புகை சூடாக, விரிந்து கிடக்கிறது.

அப்படியானால் பெரிய குழாயைப் போட்டுவிடலாமே என்றால், அதுவும் சரியல்ல. அளவுக்கு மீறினால் புகையின் வேகம் தளரும். முன்னால் ஓடும் புகை பின்னால் வருவதை இழுத்துக்கொள்ளும் உதவி போய், குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை குறையும். ‘எஞ்சினுக்குப் பேக் பிரஷர் வேண்டும்’ என்று பலரும் சொல்வது தவறு. வேண்டியது வேகம்.

அலுவலகம் போய்வரும் சிறிய காருக்கு, கம்பெனி அளவிலேயே நன்றாக வளைத்த பிரஸ் குழாய் போதும். திறனுக்காகச் செலவு செய்பவர்கள் மேண்ட்ரல் வளைவைக் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்குமுன் வளைவில் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள்.