விளையாட்டில் வந்த ‘வெண்பா’

பிள்ளைகள் விளையாடுவதைப் பெரியோர் கடிந்துகொள்வது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. கோலிக்குண்டு ஆடியவனைக் கடிந்தனர். பட்டம் விட்டவனைக் கடிந்தனர். சினிமாக் கொட்டகைக்குச் சென்று வந்தவனை வாயிற்படியிலேயே நிறுத்தி வைத்துக் கடிந்தனர். இன்று கைப்பேசியில் வீடியோ கேம் ஆடுகின்றவன் முறை. களமசேரியிலும் ஆலுவாயிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இப்பேச்சு எழாத நாள் அரிது. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில், பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு இருட்டும் வரை துணை அக்கைப்பேசி ஒன்றே என்பதையும் நாம் அறிவோம்.

ஆயினும், வீடியோ கேம் என்ற ஒரு பெயரின் கீழ்ப் பலவகைப் பொருள்கள் கலந்து கிடக்கின்றன. அரிசி மூட்டையையும் ஆணி மூட்டையையும் ஒரே சரக்கென்று ரசீது எழுதினால் எம் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களின் வேலை அன்றே போய்விடும். ஆகவே முதற்கண் வகை பிரித்துக்கொள்வோம்.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் ஒருவகை. இவை சூதே, வேறு பெயர் வேண்டுவதில்லை. இவற்றைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டு மாதத்தில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இரண்டாவது வகை, இலவசம் என்று அழைத்துச் சென்று, உள்ளே சென்ற பின்னர் வாளுக்கும் சட்டைக்கும் நாணயப் பைக்கும் விலை கூறுவது. பெரும்பாலான இல்லங்களில் பிள்ளைகளிடம் உள்ளவை இவையே. தந்தையின் வங்கிக் கணக்கிலிருந்து நூறும் இருநூறுமாகப் பணம் போவதும் இவற்றாலேயே. மூன்றாவது, பெருங்கம்பெனிகள் பல நூறு பேரை வைத்துப் பெரும்பொருள் செலவிட்டு ஆக்குபவை. அவற்றை ஆட விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். நம் போன்றோர் அப்பக்கம் செல்ல வேண்டுவதில்லை.

நாம் எழுத வந்தது நான்காவது வகையைப் பற்றி. ஒருவரோ, இருவரோ, பத்துப் பன்னிருவரோ சேர்ந்து, பெருங்கம்பெனி எதனிடமும் கைகட்டி நில்லாமல், தம் மனத்திற்பட்டதை விளையாட்டாக ஆக்கி விற்கின்றனர். ‘இண்டி கேம்’ என்று இளைஞர் வழங்குவது இதனையே. சிறுபத்திரிகை நடத்துவோரை நினைத்துக்கொண்டால் இவர்களை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரத்தவரான எரிக் பரோன் என்னும் இளைஞர், படமும் இசையும் கதையும் கணக்கும் தாம் ஒருவரே செய்து, ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் உழைத்து, 2016 பிப்ரவரியில் ‘ஸ்டார்ட்யூ வேலி’ என்னும் விளையாட்டை வெளியிட்டார். தாத்தா விட்டுச்சென்ற தரிசு நிலத்தைத் திருத்திப் பயிர் செய்வதே அதன் பொருள். அது கோடிக்கணக்கில் விற்றது. ஆனால் அவ்வாறு விற்பது ஆயிரத்தில் ஒன்றுக்கு வாய்ப்பது. அதனையே காட்டி எல்லோர்க்கும் ஆசை ஊட்டுவது நேர்மையாகாது.

இவ்வகையில் எம் மனத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ என்பது. லூக்காஸ் போப் என்பார் தனியொருவராக ஆக்கி 2013 ஆகஸ்டில் வெளியிட்டார். ஆடுகின்றவர் இதில் வீரனும் அல்லர், அரசனும் அல்லர், குமாஸ்தா! அர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டு எல்லைச்சாவடியில் அமர்ந்து, வருவோரின் பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, முத்திரை குத்துவதே வேலை. நாள்தோறும் புதிய விதி ஒன்று வரும். பார்த்து அனுப்பிய தலைக்கு இவ்வளவு என்று கூலி. பிழை செய்தால் முதலில் எச்சரிக்கை, பின்னர் அபராதம். மாலையில் கணக்குப் பார்த்தால் வாடகை போக மிஞ்சியது சோற்றுக்கா, குளிர்காயும் அடுப்புக்கா, நோயுற்ற மகனின் மருந்துக்கா என்ற கேள்வி எழும். ஒருநாள் ஒரு கணவன் வருகின்றான். அவன் தாள்கள் யாவும் சரி. அடுத்து அவன் மனைவி வருகின்றாள். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. விட்டால் தண்டனைச் சீட்டு. விடாவிட்டால் அவள் கண்ணீர். இருபது முப்பது பேர் வரிசையில் நிற்க, மணி ஓடிக்கொண்டிருக்க, முத்திரைக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நாம் சற்று நேரம் செயலற்று அமர்ந்திருந்தோம். கவுண்டரின் இப்பக்கம் அமர்ந்து பிழைப்போர்க்கும், அப்பக்கம் நின்று தாளை நீட்டிப் பழகிய புலம்பெயர்ந்தோர்க்கும் இவ்விளையாட்டு வேறு எவர்க்கும் தோன்றாத பொருளில் தோன்றும். இது பெரியோர்க்குரியது, சிறுவர்க்கு வேண்டா.

ரயில் உத்தியோகம் பார்ப்போர்க்கென்றே ஆக்கியது போன்றது ‘மினி மெட்ரோ’. நியூசிலாந்தின் சிறு குழுவொன்று 2015இல் வெளியிட்டது. வட்டமும் சதுரமுமாக ஸ்டேஷன்கள் தோன்றும். கோடிழுத்து இணைத்து, கூட்டம் நெரியாமல் வண்டி விட வேண்டும். மும்பாய் நகரமும் அதில் உண்டு. களமசேரி வழியாக மெட்ரோ ஓடத்தொடங்கிய 2017ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கிவிடுகின்றது.

இனி, தமிழர் யாவரும் அறிய வேண்டியதொன்று. கனடாவின் டொரண்டோ நகரில் ‘விசை’ என்னும் தமிழ்ப் பெயரைத் தாங்கிய சிறு நிறுவனம் ஒன்றுண்டு. அதனை நிறுவியவர்களில் ஒருவரான அபி தமிழர். இந்நிறுவனத்தார் 2023 ஜூலை 31ஆம் நாள் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். யாப்பின் பெயரே தலைவியின் பெயர், கணவன் பெயர் பாவலன், மகன் கவின். பெயர்களைக் கேட்டபோதே நமக்கு ஒருவகை மகிழ்ச்சி உண்டாயிற்று. கதை 1988இல் தொடங்குகின்றது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த தம்பதியர், தக்க வேலை அமையாமல் தவிக்கின்றனர். திரும்பிவிடலாமா, இருந்து பார்க்கலாமா என்று எண்ணுகின்றனர். வாத்துருத்தியில் வந்து இறங்கிய குடும்பங்களுக்கு இவ்வெண்ணத்தை யாரும் விளக்க வேண்டுவதில்லை. தொலைவு வேறு, தவிப்பு ஒன்றே.

ஆடுகின்றவர் செய்ய வேண்டியது சமையல். வெண்பாவின் தாய் எழுதித் தந்த சமையற்புத்தகம் நைந்து, எழுத்தழிந்து கிடக்கின்றது. அழிந்த வரியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து அறிவதே புதிர். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் ஏறும்? புட்டுக் குழாயில் மாவும் தேங்காய்த்துருவலும் எம்முறையில் இட வேண்டும்? நம் இல்லத்துப் பெண்டிர் நாள்தோறும் சிந்தியாமலே தீர்க்கின்ற கணக்குகள் இவை. வாளேந்திப் பகைவரை வெட்டுவதே விளையாட்டென்று நினைத்திருந்த உலகம், இட்லிப் பானையின் முன் திகைத்து நின்றதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. (புட்டு நம்முடையதா மலையாளிகளுடையதா என்று நம் அண்டை வீட்டார் வழக்காடுவதுண்டு. மதுரையில் இறைவன் மண் சுமந்ததே பிட்டுக்காகத்தான் என்று நாம் விடை கூறுவோம். அவர்கள் கடலைக்கறியைக் காட்டி வழக்கை முடித்துவிடுவர்.)

சமைக்கும்போது வானொலிப் பெட்டியிலிருந்து தமிழ்ப் பாடல்கள் ஒலிக்கின்றன. இவை பழைய திரைப்பாடல்கள் அல்ல. நம் திரையிசையின் பாங்கைப் பின்பற்றி இவ்விளையாட்டுக்கெனப் புதிதாக ஆக்கப்பட்டவை.

ஆயினும் இதன் உயிர் சமையலில் இல்லை, மகனிடத்தில் இருக்கின்றது. தாய் தமிழில் பேசுமாறு கேட்க, மகன் ஆங்கிலத்திலேயே விடையிறுக்கின்றான். வளர வளர விலகிச் செல்கின்றான். அவனுக்கு விளங்காத தமிழ்ச் சொற்களைத் தாய் பேசும்போது, திரையில் அவ்வெழுத்துக்கள் மங்கித் தெளிவற்றுத் தோன்றுகின்றன. மொழி நழுவுவதைக் கட்டுரையிலும் மேடையிலும் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கண்ணுக்கு முன் எழுத்து மங்குவதை இங்குத்தான் கண்டோம். பின்னொரு பகுதியில் ஆடுகின்றவரே அம்மகனாகித் தாயின் குறிப்பைப் படித்துச் சமைக்க முயல வேண்டும். அவன் அறிந்த தமிழ் அதற்குப் போதவில்லை. இந்நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகள் மலையாளச் செய்தித்தாளைத் தடையின்றிப் படிக்கின்றனர், ஊரிலிருந்து பாட்டி எழுதிய நான்கு வரியை நம்மிடம் கொண்டுவந்து, “இது என்ன எழுத்து?” என்று கேட்கின்றனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. கூலிக்கும் சம்பளத்துக்கும் ஓடிய நாம் மாலையில் தமிழெழுத்தைச் சொல்லிக்கொடுக்க அமர்ந்த நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் போதும்.

2024 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோவில் தனி ஆக்க விளையாட்டுக்களுக்கான விழாவில் ‘வெண்பா’ தலைப்பரிசைப் பெற்றது. பத்தாண்டுகளுக்கு முன்னர், 2014இல், இதே பரிசைப் பெற்றது மேலே கூறிய எல்லைச்சாவடிக் குமாஸ்தாவின் கதை. அடுத்த மாதமே இலண்டனில் பிரிட்டிஷ் அகாடமியார் ‘வெண்பா’வுக்கு முதல் ஆக்கத்துக்கான பரிசை வழங்கினர்.

பரிசு வேறு, பிழைப்பு வேறு. கணினி விளையாட்டுக்களை விற்கும் மிகப்பெரிய இணையக் கடை ‘ஸ்டீம்’. 2017 முதல், நூறு டாலர் கட்டணம் செலுத்தும் எவரும் அங்கு ஒரு விளையாட்டை விற்பனைக்கு வைக்கலாம். விற்ற பணத்தில் வழக்கமாக நூற்றுக்கு முப்பது கடைக்காரருக்கு. கதவு திறந்ததும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன. நல்லது எது என்று அறிவதே பெரும்பாடு. மற்றொரு விதியும் உண்டு. வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். வாங்குவோர்க்கு இது நல்ல காவல். ஆனால் ‘வெண்பா’ போன்றவை முழுவதும் ஆடி முடிக்கவே ஒன்றரை மணி நேரம்தான்! கடைசி வரை உண்டு, கைகழுவி, இலையை மடித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்கும் சாப்பாட்டுக்காரரைக் கண்ட ஹோட்டல்காரரின் நிலை சிறு ஆக்கத்தார்க்கு நேரலாம்.

நம் நாட்டில் புனே நகரத்து ‘நாடிங் ஹெட்ஸ்’ குழுவினர் ஆக்கிய ‘ராஜி’ குறிப்பிடத்தக்கது. தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு பெண்ணின் கதை. நம் புராணங்களின் சாயல் நிரம்பியது. பொதுமக்களிடம் இணைய வழியே பொருள் திரட்ட 2017இல் முயன்று, இலக்கை எட்டவில்லை. ஆயினும் கைவிடாது உழைத்து 2020 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டனர். களமசேரியிலோ, நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கின்ஃப்ரா பூங்காவில், கேரள அரசு 2019இல் திறந்த ஸ்டார்ட்அப் வளாகம் நிற்கின்றது. சற்றப்பால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அவ்வழியே நம் மக்கள் பலர் காவற்காரராகவும் துப்புரவுப் பணியாளராகவும் நாள்தோறும் சென்று வருகின்றனர். அவர்தம் பிள்ளைகள் மேசையின் முன் அமரச் செல்லும் நாளை நாம் எதிர்பார்க்கின்றோம்.

வாங்க எண்ணுவோர்க்குச் சில சொற்கள். ‘மினி மெட்ரோ’, ‘ஸ்டார்ட்யூ வேலி’, ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ மூன்றும் கைப்பேசியிலும் கிடைக்கும். ‘வெண்பா’வுக்குக் கணினியோ தொலைக்காட்சியில் மாட்டும் விளையாட்டுக் கருவியோ வேண்டும். பணம் செலுத்த இயலாதோர் ‘இட்ச்’ என்னும் இணையக் கடையைத் தேடலாம். 2013இல் தொடங்கிய அக்கடையில் இலவசமானவையும், வாங்குவோர் மனம்போல் விலை தரலாம் என்று விட்டவையும் நிரம்ப உண்டு. மாணவர்கள் இரண்டே நாட்களில் ஆக்கிய சிறு விளையாட்டுக்களும் அங்கேயே கிடைக்கும். பல ஆக்கத்தார் மாதிரிக்கு ஒரு பகுதியை விலையின்றித் தருவர். அதனைப் பார்த்த பின்னர் வாங்குவதே முறை. வாங்கும்போது கடவுச்சொல் பெற்றோர் கையில் இருக்கட்டும். வெண்பாவின் புட்டுப் பகுதி வரும்போது மட்டும் அடுப்படியிலிருந்து தாயையோ பாட்டியையோ அழைத்து அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். புதிர் விரைவில் தீரும்.